செப்டிக் டேங்க் ஒப்பந்ததாரர்களை ஒழுங்குபடுத்துவது எப்படி? முழுமையான வழிகாட்டி

வீட்டு செப்டிக் டேங்க் வேலையில் ஒரு சிக்கல் உண்டு. பணம் கொடுப்பவருக்கு அந்த வேலையின் நெளிவுசுளிவு தெரியாது. வேலை முடிந்த மறுநாளே எல்லாம் மண்ணுக்குள் போய்விடும். தவறு வெளியே தெரியப் பல வருடம் ஆகலாம். அப்போதும் முதலில் கெடுவது பக்கத்து வீட்டுக் கிணறாக இருக்கலாம். பெயின்ட் அடிப்பவர் மோசமாக வேலை செய்தால் வீட்டுக்காரரே பார்த்துவிட்டு அடுத்த முறை வேறு ஆளைக் கூப்பிடுவார். இங்கே அது நடக்காது. அதனால்தான் டேங்க் கட்டுபவர், பராமரிப்பவர், கசடு அள்ளுபவர் எல்லோரையும் ஒரு விதிமுறைக்குள் கொண்டுவர வேண்டியிருக்கிறது.

உள்ளாட்சி அலுவலர்கள், சுகாதாரத் துறையினர், பொறியாளர்கள், குடியிருப்போர் சங்கங்கள் ஆகியோரை மனத்தில் வைத்து இதை எழுதியிருக்கிறேன். ஒழுங்குமுறையே இல்லாத ஊரில் புதிதாகத் தொடங்கவும், காகிதத்தில் மட்டும் இருப்பதை நடைமுறைக்குக் கொண்டுவரவும் இது உதவும். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: லைசென்ஸ், தேர்வு, கட்டணம் எல்லாம் துணைக்கருவிகள்தான். இரண்டு இடங்களில் உங்கள் கண் இருந்தாக வேண்டும். ஒன்று, குழியை மண் போட்டு மூடுவதற்கு முந்தைய நாள். இன்னொன்று, கசடு லாரி தன் வால்வைத் திறக்கும் இடம். இவ்விரண்டையும் பார்க்காத ஒழுங்குமுறை, எத்தனை பக்க விதி எழுதினாலும், கட்டணம் வசூலிக்கும் கவுன்டராகத்தான் முடியும்.

படி 1: யார் யாரை ஒழுங்குபடுத்துகிறீர்கள் என்று பிரியுங்கள்

"செப்டிக் டேங்க் கான்ட்ராக்டர்" என்ற ஒரே பெயருக்குள் குறைந்தது ஐந்து வேலைகள் ஒளிந்திருக்கின்றன. நிலத்தைப் பார்த்து எந்த அமைப்பு பொருந்தும் என்று தீர்மானிப்பவர், கட்டுபவர் அல்லது தயாராக வந்த தொட்டியைப் பதிப்பவர், அவ்வப்போது திறந்து பார்த்துப் பராமரிப்பவர், கசடை உறிஞ்சி எடுத்துச் செல்பவர், சரியாக இருக்கிறதா என்று சோதித்துச் சான்று தருபவர். இவர்களுக்கு வேண்டிய திறமை வேறு வேறு. மண்ணின் தன்மை லாரி டிரைவருக்குத் தெரிந்திருக்க வேண்டியதில்லை; நச்சுவாயுவின் குணம் அவருக்குக் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும்.

இந்தப் பிரிப்பை மிகத் துல்லியமாகச் செய்த நாடு ஜப்பான். வீட்டுக் கழிவுநீரை அங்கேயே சுத்திகரிக்கும் "ஜோகாசோ" தொட்டிகளுக்கென்றே 1983-ல் தனிச் சட்டம் இயற்றினார்கள். 1985-ல் அது முழுமையாக நடைமுறைக்கு வந்தது. பொருத்துகிற நிறுவனம் பதிவு செய்யவேண்டும். அந்த வேலையை மேற்பார்வையிட ஒரு தகுதி, பராமரிக்க வேறொரு தகுதி. கசடு அள்ள உள்ளாட்சித் தலைவரின் அனுமதி வேண்டும். சோதனை செய்வதோ இவர்களில் யாரும் இல்லை, அதற்கென நியமிக்கப்பட்ட தனி அமைப்பு. தொட்டி பயன்பாட்டுக்கு வந்த சில மாதங்களில் ஒரு சோதனை, பிறகு ஆண்டுதோறும் ஒன்று. இவ்வளவு இருந்தும் ஆண்டுச் சோதனைக்கு வராத தொட்டிகள் அங்கேயும் ஏராளம். சட்டம் எழுதுவது ஒன்று, வீட்டுக்காரரை வரவைப்பது வேறொன்று.

சிறிய ஊரில் ஐந்து வகை லைசென்ஸ் வைப்பது கேலிக்கூத்தாகிவிடும். மூன்று போதும்: கட்டுதல், பராமரித்தல், கசடு அகற்றல். ஒரே ஆள் மூன்றும் வைத்திருக்கலாம், தடையில்லை. ஆனால் ஒரு எல்லைக்கோட்டை மட்டும் அழிக்காதீர்கள். தன் வேலையைத் தானே சோதித்துச் சான்று தரக்கூடாது. "உங்கள் டேங்க் போச்சு, புதுசு போடணும்" என்று சான்று தருபவரே புது டேங்க் விற்கவும் கூடாது.

படி 2: எது சரியான வேலை என்று முதலில் எழுதுங்கள்

பல இடங்களில் லைசென்ஸ் விதி இருக்கும், வேலைத் தரம் இருக்காது. பிறகு எதை வைத்து ஒருவரின் லைசென்ஸை ரத்து செய்வீர்கள்? "முறையாகக் கட்டவேண்டும்" என்ற வாக்கியம் நீதிமன்றத்தில் ஒரு நிமிடம் கூட நிற்காது.

செப்டிக் டேங்க் என்பது மூடி போட்ட குழி அல்ல. வீட்டிலிருந்து வரும் கழிவுநீர் அதில் ஒரு நாளாவது ஓய்வாக நிற்கவேண்டும். அப்போது கனமானவை அடியில் கசடாகப் படியும், எண்ணெயும் கொழுப்பும் மேலே மிதக்கும், நடுவில் இருக்கும் நீர் மட்டும் வெளியேறி, அதை மெல்ல மண்ணுக்குள் இறங்கவிடும் உறிஞ்சு வாய்க்காலுக்கோ உறிஞ்சுகுழிக்கோ போகும். டேங்க் செய்வது பாதி வேலைதான். மீதிச் சுத்திகரிப்பை மண் செய்கிறது. வெளியேறும் நீரைத் தெருச் சாக்கடையில் நேராக விட்டால் அந்தப் பாதி நடக்கவே இல்லை. இங்கிலாந்தில் செப்டிக் டேங்க் நீரை நேரடியாக ஓடையிலோ ஆற்றிலோ விட்டுக்கொண்டிருந்த வீடுகள் 2020 ஜனவரிக்குள் மாற்று ஏற்பாடு செய்யவேண்டும் என்று கெடு வைத்தது இதனால்தான்.

ஆகவே தர விதியில் இருக்கவேண்டியவை எல்லாம் அளக்கக்கூடியவையாக இருக்கட்டும். வீட்டில் இருப்போர் எண்ணிக்கைக்கு ஏற்ற கொள்ளளவு. இரண்டு அறை என்றால் முதல் அறை மொத்த நீளத்தில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு. உள்வரும் குழாயிலும் வெளியேறும் குழாயிலும் டி வடிவ இணைப்பு அல்லது தடுப்புப் பலகை. வெளியேறும் குழாய் உள்வருவதைவிடச் சற்றுத் தாழ்வாக. ஒவ்வொரு அறைக்கும் தரைமட்டம் வரை திறப்பு, குழந்தை திறக்க முடியாத மூடி. காற்றுப் போக்கிக் குழாய். கீழும் பக்கமும் நீர் கசியாத கட்டுமானம். கிணற்றிலிருந்து விலகல் தூரம். பல நாடுகளில் இது 15 முதல் 30 மீட்டர் வரை. உறிஞ்சு வாய்க்காலின் அடிமட்டத்துக்கும் நிலத்தடி நீரின் உச்ச மட்டத்துக்கும் இடையே போதிய வறண்ட மண். மழைக்கால உச்ச மட்டம், கோடையில் அளந்தது அல்ல. இந்த ஒரு வரியை விட்டுவிட்டு ஏமாந்த விதிகள் நிறைய.

இந்தியாவில் ஐ.எஸ். 2470 தரநிலை இரண்டு பாகமாக இருக்கிறது: முதல் பாகம் டேங்க் வடிவமைப்பும் கட்டுமானமும், இரண்டாம் பாகம் வெளியேறும் நீரை என்ன செய்வது என்பது. தொழிற்சாலையில் தயாரான தொட்டிகளுக்கு ஐரோப்பாவில் இ.என். 12566 வரிசை இருக்கிறது. இவற்றிலிருந்து எடுத்து, ஒரு மேஸ்திரி பையில் மடித்து வைத்துக்கொள்ளும் அளவுக்கு, படம் போட்ட நான்கு பக்கக் கையேடாக்குங்கள். நூறு பக்கத் தரநிலையை வேலை நடக்கும் இடத்தில் யாரும் புரட்டப்போவதில்லை.

படி 3: இருப்பவர்களை உள்ளே இழுங்கள்

விதி வந்த முதல் நாளே தேர்வு, கல்வித்தகுதி, பெரிய வைப்புத்தொகை என்று வைத்தால் என்ன நடக்கும் என்பது தெரிந்ததே. வேலை அதே ஆட்களிடம்தான் போகும், ராத்திரியில் நடக்கும். இருபது வருடமாக டேங்க் கட்டும் கொத்தனாருக்குப் பத்தாம் வகுப்புச் சான்றிதழ் இல்லாமல் இருக்கலாம். அவரை வெளியே தள்ளினால் அவர் தொழிலை விடமாட்டார், உங்கள் கண்ணிலிருந்துதான் மறைவார்.

முதல் கட்டம் வெறும் பதிவு. பெயர், தொடர்பு, என்னென்ன வேலை செய்கிறார், என்ன வண்டி, என்ன பம்பு, கசடை இதுவரை எங்கே கொட்டினார். கடைசிக் கேள்விக்கு உண்மையான பதில் வேண்டுமென்றால், பழையதற்காகத் தண்டிக்கமாட்டோம் என்று எழுத்தில் கொடுங்கள். பதிவுக் கட்டணம் பெயரளவுக்கு இருக்கட்டும், அல்லது வேண்டவே வேண்டாம். ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடம் வரை கெடு.

இரண்டாம் கட்டம் தற்காலிக உரிமம். பதிவு செய்தவருக்குப் பயிற்சி, அவர் பேசும் மொழியில், வேலை நடக்கும் இடத்தில். வாய்மொழித் தேர்வுக்கும் செய்முறைத் தேர்வுக்கும் இடம் கொடுங்கள். மட்டம் பார்க்கத் தெரிகிறதா, குழாயின் சரிவை அளக்கத் தெரிகிறதா, மண்ணில் நீர் இறங்கும் வேகத்தைச் சோதிக்கத் தெரிகிறதா? எழுதத் தெரிகிறதா என்பது அதற்கு அப்புறம்தான்.

மூன்றாம் கட்டம் முழு உரிமம். இதற்குள் வராதவர்கள் மீது நடவடிக்கை இந்தக் கட்டத்தில்தான் தொடங்கவேண்டும், அதற்கு முன் அல்ல. அதே நாளில் வீட்டுக்காரருக்கும் ஒரு விதி வரட்டும்: உரிமம் இல்லாதவரை வைத்து வேலை செய்தால் அவருக்கும் அபராதம் உண்டு. ஒப்பந்ததாரரை மட்டும் பிடிக்கும் சட்டம் தேவையைத் தொடாமல் விட்டுவிடுகிறது.

படி 4: உரிமத்தில் என்ன எழுதுவது

உரிமம் நிறுவனத்துக்கும் வேண்டும், அந்த நிறுவனத்தில் பொறுப்பேற்கும் ஓர் ஆளுக்கும் வேண்டும். நிறுவனத்துக்கு மட்டும் கொடுத்தால் பெயரை மாற்றிக்கொண்டு திரும்பி வருவார்கள். ஆளுக்கு மட்டும் கொடுத்தால் ஒரு லைசென்ஸை ஐந்து கடை வாடகைக்கு எடுக்கும். ஒரு பொறுப்பாளர் ஒரே நிறுவனத்துக்குத்தான் என்று எழுதிவிடுங்கள்.

காலம் இரண்டு அல்லது மூன்று வருடம். காப்பீடு கட்டாயம், கிடைக்காத இடத்தில் சிறு வைப்புத்தொகை. கட்டியதற்குக் குறைந்தது ஒரு வருட உத்தரவாதம், ஒரு மழைக்காலத்தையாவது தாண்டும்படி. உரிம எண் வண்டியிலும் ரசீதிலும் விளம்பரத்திலும் பெரிதாகத் தெரியவேண்டும். உரிமதாரர் பட்டியல் எல்லோரும் பார்க்கும்படி இருக்கட்டும், ரத்தானவர்களின் பெயரும் சேர்த்து.

படி 5: மூடுவதற்கு முன் பாருங்கள்

இந்தப் படிக்கு அதிக நேரம் கொடுங்கள். மற்ற எல்லாவற்றையும் அரைகுறையாகச் செய்தாலும் இதை மட்டும் ஒழுங்காகச் செய்தால் புதிய டேங்குகளின் தரம் ஏறிவிடும்.

வேலை தொடங்கும் முன் ஒப்பந்ததாரர் ஒரு பக்கத் தாள் கொடுக்கவேண்டும்: மனையின் வரைபடம், டேங்க் இடம், கிணறுகள் எங்கே (பக்கத்து மனையினுடையதும்), மண் சோதனையின் முடிவு, கொள்ளளவு. இதற்கு அனுமதி தர உங்களுக்கும் ஒரு கெடு வேண்டும். குறிப்பிட்ட நாளுக்குள் பதில் வராவிட்டால் அனுமதி கிடைத்ததாகக் கொள்ளலாம் என்று எழுதத் துணிவிருந்தால் எழுதுங்கள்; அலுவலகம் சுறுசுறுப்பாகிவிடும்.

பிறகு இரண்டு நிறுத்தங்கள். முதலாவது, குழி வெட்டியதும். மண் எப்படி இருக்கிறது, அடியில் நீர் ஊறுகிறதா, பாறை தட்டுப்பட்டதா என்பது அப்போதுதான் தெரியும். காகிதத்தில் மணல் என்று எழுதியிருக்கும், குழியில் களிமண் இருக்கும். களிமண்ணில் உறிஞ்சுகுழி போட்டால் முதல் வருடமே நிரம்பி வழியும். அப்படியானால் அமைப்பையே மாற்றவேண்டும். மாற்றாமல் தொடர்ந்தால் அது ஒப்பந்ததாரர் தவறு என்று விதியில் இருக்கட்டும்.

இரண்டாவது நிறுத்தம்தான் முக்கியமானது: டேங்க், குழாய், உறிஞ்சு வாய்க்கால் எல்லாம் முடிந்து, மண் போடாத நிலை. அப்போது நீர் நிரப்பி ஒரு நாள் நிறுத்துங்கள். கான்கிரீட் கொஞ்சம் நீரைக் குடிக்கும். மட்டத்தைச் சரிசெய்துவிட்டு மறுபடி பாருங்கள். இறங்கிக்கொண்டே இருந்தால் கசிகிறது. அடுத்து டி வடிவ இணைப்புகள், உள்வரும் குழாய்க்கும் வெளியேறும் குழாய்க்கும் உள்ள உயர வித்தியாசம், அறைகளுக்கு நடுச்சுவர், திறப்புகள், காற்றுப் போக்கி, தூரங்கள். நிலத்தடி நீர் உயரமாக இருக்கும் இடத்தில் இன்னொன்றும் கேளுங்கள்: டேங்க் காலியாக இருக்கும்போது மேலே எழும்பாமலிருக்க என்ன செய்திருக்கிறார்? பிளாஸ்டிக், ஃபைபர் தொட்டிகள் கசடு அள்ளிய மறுநாள் மண்ணைப் பிளந்துகொண்டு மிதந்து வருவது உண்டு.

இதற்கெல்லாம் ஆள் எங்கே என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். எல்லா வேலைக்கும் நேரில் போக முடியாத இடங்களில் மூன்று வழிகள் இருக்கின்றன. முதல் வழி, புகைப்படம்: அளவுநாடா தெரியும்படி, இடக்குறியீடும் நேரமும் பதிந்தபடி, குறிப்பிட்ட எட்டு அல்லது பத்துக் கோணங்களில். இரண்டாவது, தேர்ந்தெடுத்துப் போவது. புது உரிமதாரரின் முதல் சில வேலைகளுக்குக் கட்டாயம் போங்கள், நல்ல பெயர் எடுத்தவருக்கு அவ்வப்போது, புகார் வந்தவருக்கு மறுபடியும் எல்லாவற்றுக்கும். எப்போது வருவார்கள் என்று யாருக்கும் தெரியாமல் இருப்பதுதான் இதன் பலம்.

மூன்றாவது வழி பொறுப்பையே தொழிலாளரிடம் ஒப்படைப்பது. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணம் 2005-ல் இப்படி மாறியது. முன்பு சுகாதார அலுவலர் அனுமதி தருவார்; இப்போது பதிவு பெற்ற தொழில்முறையாளர் திட்டத்தைத் தாக்கல் செய்கிறார், கட்டி முடித்ததும் விதிப்படி இருக்கிறது என்று தானே சான்றுக் கடிதமும் பராமரிப்புத் திட்டமும் கொடுக்கிறார். அரசின் சுமை குறையும், பொறுப்பு யாருடையது என்பதும் தெளிவாகும். ஆனால் இது ஒரு தொழில் அமைப்பு வலுவாக இருந்து, தன் உறுப்பினரைத் தானே தண்டிக்கத் தயாராக இருக்கும் இடத்தில்தான் நிற்கும். அப்படி அமைப்பு இல்லாத ஊரில் இதைக் காப்பியடித்தால், படி 1-ல் அழிக்காதீர்கள் என்று சொன்ன கோடு அழிந்துபோகும்.

மூடியபின் ஒரு வரைபடம் வேண்டும்: வீட்டின் இரண்டு மூலைகளிலிருந்து மூடி எத்தனை மீட்டர் என்று அளந்து எழுதியது. ஒரு பிரதி வீட்டுக்காரருக்கு, ஒன்று உங்களுக்கு. பத்து வருடம் கழித்துக் கசடு அள்ள வருபவர் தரையைக் கண்ட இடத்தில் உடைக்காமலிருக்க இது ஒன்றே வழி.

படி 6: பராமரிப்பு, வீடு விற்கும் நேரம்

பராமரிப்பு ஒப்பந்ததாரரிடம் கேட்கவேண்டியது ஒரே ஒரு தாள். ஆனால் அதில் எண்கள் இருக்கவேண்டும். கசடின் தடிமன், மிதக்கும் படலத்தின் தடிமன், நீரின் மட்டம், வெளியேறும் வாயில் அடைப்பு, உறிஞ்சு வாய்க்கால் பகுதியில் ஈரம் அல்லது நாற்றம். கசடும் மிதப்பும் சேர்ந்து நீர் ஆழத்தில் மூன்றில் ஒரு பங்கை எட்டினால் அள்ளவேண்டும் என்பது பரவலாகப் பயன்படும் அளவுகோல். நாட்காட்டியை மட்டும் பார்த்து அள்ளினால் இரண்டு பேர் வாழும் வீட்டில் வீணாகவும், பத்துப் பேர் வாழும் வீட்டில் தாமதமாகவும் முடியும். அளக்க வழியில்லாத இடத்தில் மூன்று வருடத்துக்கு ஒருமுறை என்பது ஏற்கத்தக்க தொடக்கம். அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை மூன்று முதல் ஐந்து வருடம் என்கிறது.

டேங்கில் போடும் "பாக்டீரியா பவுடர்" வியாபாரத்தைப் பற்றி ஒரு வரி. வேண்டிய நுண்ணுயிர்கள் கழிவிலேயே இருக்கின்றன. பவுடர் போட்டால் கசடு அள்ளவே வேண்டாம் என்று சொல்லி விற்பதைப் பொய்யான விளம்பரமாக விதியில் சேர்த்துவிடுங்கள்.

வேலை செய்யும் டேங்கைத் திறந்து பார்க்க எந்த வீட்டுக்காரரும் ஆர்வமாக முன்வரமாட்டார். அவர் தானாகவே உங்களிடம் வரும் தருணத்தைப் பிடியுங்கள்: வீடு விற்கும்போது. பிரான்ஸில் 2011 முதல், வீடு விற்பவர் மூன்று வருடத்துக்கு உட்பட்ட கழிவுநீர் அமைப்பு ஆய்வறிக்கையை இணைக்கவேண்டும். குறை இருந்தால் வாங்குபவர் ஒரு வருடத்துக்குள் சரிசெய்யவேண்டும். அதைத் தவிர உள்ளாட்சியின் கழிவுநீர்ச் சேவை ஒவ்வொரு அமைப்பையும் பத்து வருடத்துக்குள் ஒருமுறையாவது பார்க்கவேண்டும். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலமும் விற்பனை நேரத்தில் அங்கீகாரம் பெற்ற ஆய்வாளரின் சோதனையைக் கேட்கிறது. பொதுவாக அந்த அறிக்கை இரண்டு வருடம் செல்லும், ஆண்டுதோறும் கசடு அள்ளியிருந்தால் மூன்று வருடம். ஒழுங்காகப் பராமரித்தவருக்கு ஒரு சிறு சலுகை, அவ்வளவுதான், ஆனால் புத்திசாலித்தனமான சலுகை.

கட்டாயச் சேவையை நிறுத்தினால் என்ன ஆகும் என்பதற்கு மலேசியா உதாரணம். அங்கே தேசிய அளவிலான கழிவுநீர் நிறுவனம் முறை வைத்து வீடு வீடாகக் கசடு அள்ளிவந்தது. 2008-ல் புதிய சட்டம் நடைமுறைக்கு வந்து பொறுப்பு வீட்டுக்காரரிடம் போனதும், அள்ளக் கூப்பிடுபவர்கள் வெகுவாகக் குறைந்துபோனார்கள்.

படி 7: லாரி எங்கே போகிறது

கசடு அகற்றும் தொழிலின் கணக்கு எளிமையானது. வீட்டுக்காரர் கொடுக்கும் தொகை நிலையானது. செலவு என்பது டீசலும் நேரமும். சுத்திகரிப்பு நிலையம் தூரத்தில் இருந்தால், அங்கே வரிசையில் நிற்கவேண்டியிருந்தால், போனதற்கு மேல் கட்டணமும் கட்டவேண்டியிருந்தால், ஓடைக்கரை மலிவாகத் தெரியும். டிரைவரின் நல்ல குணத்தை நம்பி விதி எழுதாதீர்கள். இந்தக் கசடின் கரிமச் சுமை, அதாவது நீரின் ஆக்சிஜனைத் தின்றுவிடும் அழுகும் பொருளின் அளவு, சாதாரணச் சாக்கடை நீரைவிட இருபது மடங்குக்கு மேல் இருக்கும். ஒரு லாரி ஒரு சிறு ஓடையின் மீன்களைக் கொன்றுவிடும்.

எனவே அபராதத்துக்கு முன் வசதி. நிலையம் அதிகாலை முதல் இரவு வரை திறந்திருக்கட்டும், விடுமுறை நாளிலும். இறக்க அரைமணிக்கு மேல் ஆகக்கூடாது. கொட்டுவதற்குக் கட்டணம் வாங்காதீர்கள். முடிந்தால் கொட்டியதற்குச் சிறு தொகை கொடுங்கள். அந்தச் செலவை வீட்டுக்காரரின் வரியிலோ, அள்ளும் சேவைக் கட்டணத்திலோ முன்கூட்டியே சேர்த்து வாங்கிவிடலாம். கொட்டும் இடத்தில் பணம் கேட்பது, குப்பையை வெளியே போடச் சொல்லி ஊக்கப்படுத்துவது போலத்தான்.

வசதி வந்த பிறகு தாள். பிரான்ஸில் 2009 முதல் கசடு அள்ளுபவர்களுக்கு மாவட்ட நிர்வாகத்தின் அங்கீகாரம் கட்டாயம். ஒவ்வொரு நடைக்கும் மூன்று பிரதியுள்ள தொடர்சீட்டு. ஒன்று வீட்டுக்காரரிடம், ஒன்று லாரிக்காரரிடம், ஒன்று கசடை வாங்கிக்கொண்ட நிலையத்திடம். மூன்றிலும் அளவு ஒன்றாக இருக்கவேண்டும். இதையே கைப்பேசியில் செய்யலாம், லாரியில் இடங்காட்டிக் கருவி பொருத்தலாம். ஆனால் கருவி பொருத்துவதோடு வேலை முடிந்தது என்று நினைத்துவிடுவது பெரிய ஆபத்து. அந்தப் பதிவை வாரத்துக்கு ஒருமுறை யாராவது உட்கார்ந்து பார்க்கவேண்டும். ஒரு லாரி எங்காவது பத்து நிமிடம் நின்று, அந்த இடத்தில் டேங்கும் இல்லை, நிலையமும் இல்லை என்றால் ஒரு போன் போடவேண்டும். அந்த ஒரு போன் ஊரிலுள்ள எல்லா டிரைவர்களுக்கும் அன்று மாலைக்குள் தெரிந்துவிடும்.

ஒப்பந்ததாரருக்குப் பணம் போவதை நிலையத்தின் ரசீதோடு கட்டிவிட்டால் இன்னும் நல்லது: வீட்டுக்காரர் உள்ளாட்சியிடம் கட்டுகிறார், நிலையத்தில் கொட்டிய சீட்டு வந்ததும் ஒப்பந்ததாரருக்குத் தொகை போகிறது.

படி 8: டேங்குக்குள் யாரும் இறங்கக்கூடாது

இதில் விட்டுக்கொடுக்க எதுவும் இல்லை. மூடிய டேங்கில் ஹைட்ரஜன் சல்பைடும் மீத்தேனும் சேரும், ஆக்சிஜன் குறையும். ஹைட்ரஜன் சல்பைடு அழுகிய முட்டை நாற்றம் வீசும் என்று எல்லோருக்கும் தெரியும். பத்து லட்சத்தில் 100 பங்கு அளவை எட்டும்போது சில நிமிடங்களில் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது என்பது பலருக்குத் தெரியாது. "நாத்தம் போயிடுச்சு, இறங்கலாம்" என்று நினைக்கும் நேரம்தான் சாவு. விழுந்தவரைக் காப்பாற்ற இறங்கியவரும் சேர்ந்து இறப்பது திரும்பத் திரும்ப நடக்கிறது.

இந்தியாவில் கையால் மலம் அள்ளுவதைத் தடைசெய்யும் 2013-ன் சட்டம், பாதுகாப்பு ஏற்பாடுகள் இல்லாமல் செப்டிக் டேங்கைச் சுத்தம் செய்ய ஆளை இறக்குவதைக் குற்றமாக்கியது. முதல் முறைக்கே இரண்டு வருடம் வரை சிறை. எந்த நாட்டிலானாலும் உரிம விதியில் இப்படி எழுதுங்கள்: வேலை முழுவதும் மேலிருந்து, குழாயும் பம்பும் கொண்டு. ஆள் இறங்கினால், உயிர்ச்சேதம் இல்லாவிட்டாலும், உரிமம் உடனே நிறுத்திவைக்கப்படும். இறக்கச் சொன்ன வீட்டுக்காரரும் பொறுப்பு. வண்டியில் வாயு அளக்கும் கருவி, கையுறை, பூட்ஸ், கைகழுவ நீர், தொழிலாளருக்குத் தடுப்பூசி ஆகியவை உரிமப் புதுப்பிப்பில் சரிபார்க்கப்படவேண்டும்.

வடிவமைப்பிலும் இதற்குப் பங்கு உண்டு. படி 2-ல் ஒவ்வொரு அறைக்கும் தனித் திறப்பு கேட்டது இதற்காகவும்தான். திறப்பு இல்லாத அறையைச் சுத்தம் செய்யத்தான் ஆளை இறக்குகிறார்கள்.

படி 9: புகாரும் தண்டனையும்

புகார் கொடுக்க ஒரே எண், ஒரே படிவம். வீட்டுக்காரர் மட்டுமல்ல, பக்கத்து வீட்டுக்காரரும் கொடுக்கலாம்; பெரும்பாலும் நாற்றத்தை முதலில் அறிபவர் அவர்தான்.

தண்டனை ஏணிபோல் உயரட்டும். முதல் குறைக்குத் தன் செலவில் திருத்தம். திரும்பச் செய்தால் அபராதம், மறுபயிற்சி. மூன்றாவது முறை உரிம நிறுத்தம். கள்ளத்தனமாகக் கசடு கொட்டுவது, ஆளை இறக்குவது, பொய்ச் சான்று தருவது ஆகிய மூன்றுக்கும் ஏணி கிடையாது, நேராக நிறுத்தம்தான். ஒப்பந்ததாரர் தன் தரப்பைச் சொல்லவும் மேல்முறையீடு செய்யவும் வழி இருக்கவேண்டும்; அது இல்லாத உத்தரவை நீதிமன்றம் எளிதாகத் தள்ளிவிடும். அபராதத் தொகை அந்த அதிகாரியின் இலக்காக மாறிவிடாமலும் பார்த்துக்கொள்ளுங்கள்.

எதுவும் செய்யாமலே இருந்தால் என்ன என்று மேலிடம் கேட்டால் அயர்லாந்தைச் சொல்லுங்கள். வீட்டு செப்டிக் டேங்குகளைக் கண்காணிக்கச் சட்டம் இல்லை என்று 2009-ல் ஐரோப்பிய நீதிமன்றம் அந்நாட்டுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. 2012-ல்தான் பதிவுக்கும் ஆய்வுக்கும் சட்டம் வந்தது. தாமதத்துக்காக அந்த டிசம்பரில் 20 லட்சம் யூரோ கட்டச் சொன்னது நீதிமன்றம்.

படி 10: நடக்கிறதா என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்

எத்தனை உரிமம் கொடுத்தோம், எத்தனை பயிற்சி நடத்தினோம் என்ற எண்களால் பயனில்லை. உதவக்கூடிய கணக்கு ஒன்று உண்டு. அதற்கு ஒரு துண்டுக் காகிதம் போதும்.

உங்கள் எல்லைக்குள் 9,000 டேங்க் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். மூன்று வருடத்துக்கு ஒருமுறை அள்ளவேண்டும் என்றால் வருடத்துக்கு 3,000. வருடத்தில் 300 நாள் வேலை என்றால் நாளைக்குப் பத்து டேங்க். டேங்குக்கு ஒரு நடை என்று வைத்தால் நிலையத்துக்குத் தினமும் பத்து லாரி வரவேண்டும். வாசல் பதிவேட்டில் நான்குதான் இருக்கிறது என்றால் மீதி ஆறு எங்கே?

இரண்டு பதில்தான் இருக்கமுடியும். அள்ளவே இல்லை, அல்லது அள்ளி வேறெங்கோ கொட்டுகிறார்கள். எது என்று அறிய, லாரிக்காரர்களின் ரசீதுகளையும் நிலையத்தின் சீட்டுகளையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ரசீது எட்டு, சீட்டு நான்கு என்றால் படி 7-க்குத் திரும்புங்கள்: நிலையம் எத்தனை மணிக்குத் திறக்கிறது, எவ்வளவு தூரம், என்ன கட்டணம் என்று லாரிக்காரர்களிடமே உட்கார்ந்து கேளுங்கள். ரசீதும் நான்குதான் என்றால் குறை லாரிக்காரர்களிடம் இல்லை, வீட்டுக்காரர்கள் கூப்பிடவில்லை; முறைவைத்து வீடு வீடாக அள்ளும் சேவையைத் தொடங்கும் வேளை வந்துவிட்டது. ரசீதே எழுதாமல் ஓடும் வண்டி இருக்கிறதா என்பதை மட்டும் காகிதம் சொல்லாது. அதற்கு ஒரு வாரம், விடியற்காலை நாலு மணிக்கு ஊரின் வெளிச்சாலைகளில் ஆள் நிறுத்தவேண்டும்.